ஈக்கும் தீட்டு

ஈக்கும் பாலுக்கும் எச்சில் இல்லை என்று ஒரு பழமொழி உண்டு. சொன்னவர் பிரஸ்ஸல்ஸ் பக்கம் போனதில்லை. போயிருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு 1069ஆம் எண் சட்டத்தை ஒரு தடவை புரட்டிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பியிருப்பார். அந்தச் சட்டப்படி, தீவனத்துக்காக வளர்க்கப்படும் ஈ ஒரு பண்ணை விலங்கு. மாடும் பன்றியும் கோழியும் உட்கார்ந்திருக்கும் வரிசையில் அதற்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். பண்ணை விலங்குக்குச் சமையலறைக் கழிவு போடக் கூடாது. ஆகவே ஈக்கும் போடக் கூடாது. பிறந்ததிலிருந்து எச்சில் இலையைத் தவிர வேறு உலகம் அறியாத ஒரு ஜீவனுக்கு எச்சில் தீட்டாகிவிட்டது.

இது வீட்டுக்குள் சுற்றும் சாதாரண ஈயைப் பற்றிய கதையல்ல. இவர் பெயர் கறுப்புச் சிப்பாய் ஈ. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். இறக்கை முளைத்த பிறகு இவர் சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. சில நாள் பறந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, போய்ச் சேர்ந்துவிடுவார். தின்பதெல்லாம் புழுப் பருவத்தில்தான். அழுகிய பழம், புளித்த சோறு, சாணம் என்று எதைப் போட்டாலும் இரண்டு வாரத்தில் தின்று கொழுத்துவிடும். காய வைத்துப் பார்த்தால் உடம்பில் ஐந்தில் இரண்டு பங்கு புரதம். மிச்சத்தில் கொழுப்பும் தாராளம். கோழிக்குப் போடலாம், மீனுக்குப் போடலாம். 2013இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு பூச்சிகளைப் பற்றி ஒரு தடித்த அறிக்கை வெளியிட்டது. அன்றிலிருந்து பூச்சிக்குச் சுக்கிர திசை. அமேசான் காட்டை வெட்டி விளைவித்த சோயா இனி வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்க மீனவர் தட்டிலிருந்த மீனை அரைத்த மீன்தூள் இனி வேண்டாம். உலகத்தின் குப்பையைப் புழு தின்னும், புழுவைக் கோழி தின்னும், கோழியை நாம் தின்போம். எவ்வளவு அழகான வட்டம்! வட்டம் என்றாலே முதலீட்டாளர்களுக்குக் கண் கலங்கிவிடும்.

அந்த ஈ வேலை கேட்டு பிரஸ்ஸல்ஸ் அலுவலகத்துக்குப் போய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஐயா, ஆள் எடுக்கிறீங்கன்னு சொன்னாங்க."

"வா, வா. மேசையில் உட்காராதே, இப்போதுதான் துடைத்தார்கள். உன்னைத்தான் நம்பியிருக்கிறோம். கண்டம் முழுக்கச் சாப்பாட்டுக் குப்பை."

"சந்தோஷம் ஐயா. கீழே ஓட்டலுக்குப் பின்னாடி ஒரு தொட்டி பார்த்தேன். அதிலிருந்தே ஆரம்பிக்கட்டுங்களா?"

"ஐயோ, அதைத் தொடாதே! அது சமையலறைக் கழிவு."

"அப்போ வீட்டுத் தொட்டி?"

"வீட்டில் சமையலறை இல்லையா?"

"சாணி?"

"சே! நீ இப்போது பண்ணை விலங்கு. உனக்கென்று ஒரு கௌரவம் இருக்கிறது."

"அப்போ நான் என்னத்தைங்க தின்கிறது?"

"கோதுமைத் தவிடு தருகிறோம். மதுபான ஆலைச் சக்கை தருகிறோம். நல்ல காய்கறி தருகிறோம்."

"அதெல்லாம் மாடும் பன்றியும் தின்கிறதுங்களே ஐயா?"

"அவை தின்றால் அது தீவனம். நீ தின்றால் அது புதுமை."

உரையாடல் என் கற்பனை. சட்டம் கற்பனையல்ல. ஐரோப்பாவில் தீவனப் பூச்சிக்கு அனுமதிக்கப்பட்ட சாப்பாடு பெரும்பாலும் தானியமும் தவிடும் காய்கனியும் ஆலைச் சக்கையும்தான். கூடவே பால், முட்டை, மீன்தூள் போன்ற சில பண்டங்கள். ஏறக்குறைய எல்லாமே கோழிக்கும் பன்றிக்கும் நேராகவே போடக்கூடியவை. நேராகப் போட்டால் கோழிக்கு முழுதாகக் கிடைக்கும். நடுவில் புழுவை உட்கார வைத்தால், புழு தன் உடம்பு வளர்க்க ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தரும். தரகர் இல்லாத வியாபாரத்தில் தரகரை நியமித்து, அவருக்குச் சுற்றுச்சூழல் விருதும் கொடுத்த கதை இது.

இந்தச் சட்டத்தின் நுணுக்கங்களைப் படித்தால் நம்மூர் ஆசார அனுஷ்டானக்காரர்கள் வெட்கித் தலைகுனிவார்கள். பிரிட்டனில் நீங்கள் கொல்லையில் நாலு கோழி வளர்க்கிறீர்கள். தோட்டத்தில் பறித்த முட்டைக்கோஸ் இலையைத் தோட்டத்திலேயே கோழிக்குப் போட்டால் தர்மம். அதே இலையைச் சமையலறைக்குள் கொண்டுபோய், நறுக்கி, காம்பை எடுத்துவந்து போட்டால் குற்றம். சமையலறை வாசற்படியைத் தாண்டியதும் இலை தீட்டுப்பட்டுவிடுகிறது. விலக்கு ஒன்று உண்டு: அந்த வீட்டில் பால், முட்டைகூடப் புழங்காத முழுத் தாவர உணவுக்காரர்கள் மட்டுமே இருக்க வேண்டும். அதாவது அடுப்பின் ஜாதகத்தை வைத்துத்தான் காம்பின் கதி தீர்மானமாகும். மடி, விழுப்பு எல்லாம் நம் அக்ரஹாரத்துச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு விலக்கு இதைவிட ரசமானது. சமையலறைக் கழிவைப் பண்ணை விலங்குக்குப் போடக் கூடாது என்ற அதே விதியில், 'உரோமத்துக்காக வளர்க்கப்படும் விலங்குகள் நீங்கலாக' என்று ஒரு வாசகம் உட்கார்ந்திருக்கிறது. மிங்க் என்றொரு பிராணி. அதைக் கூண்டில் வளர்த்து, தோலை உரித்து, பணக்காரச் சீமாட்டிகளுக்கு மேலங்கி தைப்பார்கள். அந்த மிங்க்குக்கு ஓட்டல் மிச்சத்தைச் சட்டப்படி போடலாம். தோள்மேல் போட்டுக்கொள்ளப் போகிற பிராணி எதைத் தின்றால் என்ன? 2020இல் டென்மார்க்கில் இந்த மிங்க் கூட்டத்துக்குள் கொரோனாக் கிருமி புகுந்து, உருமாறி, மனிதருக்கே திரும்பத் தொற்றியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மிங்க்குகளைக் கொன்று குழியில் தள்ளினார்கள். அதற்குத் தீவனம் காரணமல்ல, நெருக்கியடித்து வளர்த்ததே காரணம். ஆனாலும் நோய்க்குப் பயந்துதான் சட்டம் போட்டோம் என்கிறவர்கள் எந்தப் பிராணிக்கு விலக்குக் கொடுத்தார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயத்துக்குப் பின்னால் பிணக்குவியல் இருக்கிறது. அந்தக் குவியலுக்கு யார் தண்டனை அனுபவித்தார்கள் என்பதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

முதல் குவியல். புல் தின்னும் மாட்டுக்கு, இறைச்சிக்கூடத்தில் மிஞ்சிய இன்னொரு மாட்டின் எலும்பையும் சதையையும் அரைத்து, மாவாக்கிப் போட்டார்கள். சீக்கிரம் கொழுக்கும், நிறையக் கறக்கும், செலவு குறைவு. 1986இல் பிரிட்டனில் மாடுகள் தள்ளாடி விழுந்தன. மூளை பஞ்சுபோல் ஓட்டை விழுந்திருந்தது. நோயை ஒழிக்க 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றார்கள். அந்த நோய் மனித மூளைக்கும் ஏறி, பிரிட்டனில் மட்டும் 178 பேரைத் தின்றது. பசுவுக்குப் பசுவைத் தின்னக் கொடுத்தவர்கள் தெருமுனைப் பன்றிக்காரர்கள் அல்லர். கணக்குத் தணிக்கையும் ஆய்வுக்கூடமும் கோட்டுச் சூட்டும் உள்ள தீவனத் தொழில்.

இரண்டாம் குவியல். 2001 பிப்ரவரி. இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹெடன் ஆன் தி வால் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பன்றிப் பண்ணை. எச்சில் சாப்பாட்டைப் பன்றிக்குப் போடுவதற்கு அங்கே பழைய சட்டம் ஒன்று இருந்தது: கொதிநிலையில் ஒரு மணி நேரம் வேக வைத்த பிறகே போட வேண்டும். அந்தப் பண்ணையில் வேக வைக்கவில்லை. கோமாரி பரவியது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு மாடு பன்றிகளைக் கொன்று, அடுக்கி, எரித்தார்கள். தேசத்துக்கு நஷ்டம் 800 கோடி பவுண்டு என்று கணக்கிட்டார்கள்.

இனி நீதியைப் பாருங்கள். வேக வைக்காத ஓர் ஆளால் நோய் வந்தது. அதனால் வேக வைத்துப் போட்டவர்கள் அத்தனை பேரின் தொழிலையும் அந்த வருஷமே மூடினார்கள். அடுத்த வருஷம் ஐரோப்பா முழுக்க அதே கதி. கொதிக்கும் கொப்பரையைப் பரிசோதிக்க ஆள் போடுவதைவிட, கொப்பரையையே உடைப்பது அரசாங்கத்துக்குச் சுலபம். சரி, மாட்டுக்கு மாட்டைப் போட்ட தொழில்? அதற்கும் 2001இல் முழுத்தடை வந்தது, உண்மை. ஆனால் பன்றி, கோழித் தீவனத்தைப் பொறுத்தவரை அதற்கு ஆயுள் 20 வருஷம். 2021இல் 1372ஆம் எண் விதி வந்தது. பன்றிக்கும் கோழிக்கும் பூச்சி மாவு போடலாம் என்று அனுமதித்த, பசுமைப் பத்திரிகைகள் பூமாரி பொழிந்த அதே விதி. அதே தாளில் இன்னொரு அனுமதியும் இருந்தது. பன்றி மிச்சத்தில் அரைத்த புரத மாவைக் கோழிக்கும், கோழி மிச்சத்தில் அரைத்ததைப் பன்றிக்கும் இனிப் போடலாம். தன் இனத்தைத் தானே தின்னாதபடி பார்த்துக்கொண்டால் போதும். கட்டுப்பாடுகள் முன்னைவிடக் கடுமை, ஆய்வுகளும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் ஊர்வலத்தில் முன்னால் பல்லக்கில் வந்தது ஈ. பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு நடந்து வந்தது யார் என்று எத்தனை பேர் பார்த்தார்கள்?

பெரிய தொழில் தப்புச் செய்தால் இருபது வருஷத்தில் மன்னிப்பு. கொப்பரைக்காரன் இன்னும் வெளியில் நிற்கிறான்.

இத்தனைக்கும் இதே பிரிட்டன்தான் எச்சில் சோற்றால் போர் நடத்திய தேசம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் தானியக் கப்பல்களை மூழ்கடித்தபோது, லண்டனின் டாட்டன்ஹாம் நகரசபை வீடு வீடாகச் சமையலறைக் கழிவைச் சேகரித்து, வேக வைத்து, கெட்டிக் களியாக்கிப் பன்றிகளுக்குக் கொடுத்தது. 'டாட்டன்ஹாம் புட்டிங்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் பன்றிச் சங்கங்கள். லண்டன் ஹைட் பூங்காவில் போலீஸ்காரர்களே பன்றி வளர்த்தார்கள். அன்றைக்கு அது தேசபக்தி. குண்டு விழும்போது எச்சில் புனிதம். சமாதானம் வந்து வயிறு நிறைந்ததும் எச்சில் தீட்டு. ஆபத்துக்குப் பாவமில்லை என்று நாம் சொல்வதை அவர்கள் ஆங்கிலத்தில் கடைப்பிடித்திருக்கிறார்கள், அவ்வளவே.

கொப்பரையை உடைக்காத தேசங்களும் இருக்கின்றன. ஜப்பான் 2001இல் உணவு மறுசுழற்சிச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. தென்கொரியா 2005இலிருந்து உணவுக் கழிவை மண்ணில் புதைக்கத் தடை விதித்தது. எடை போட்டுக் காசு வசூலித்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, ஜப்பான் தன் உணவுக் கழிவில் 35.9 சதவீதத்தையும் தென்கொரியா 42.5 சதவீதத்தையும் வெப்பமேற்றித் தீவனமாக்கின. ஐரோப்பா அப்படிச் செய்தால் பன்றித் தீவனத்துக்காக உழும் நிலத்தில் 18 லட்சம் ஹெக்டேர் மிச்சமாகும் என்றும் அவர்கள் சொன்னார்கள். டோக்கியோவை அடுத்த சாகமிஹாராவில் ஒரு கால்நடை மருத்துவர் தொடங்கிய கூடத்தில், அங்காடிகளின் மிஞ்சிய சோறும் ரொட்டியும் காய்கறியும் வந்து இறங்குகின்றன. சூடேற்றி, கிருமி கொன்று, தயிருக்கு உறை குத்துவதுபோல் நல்ல நுண்ணுயிரை விட்டுப் புளிக்க வைத்து, பன்றிகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பன்றி இறைச்சி அதே அங்காடிகளுக்குத் திரும்பி வருகிறது. இதில் மாயம் இல்லை, மந்திரம் இல்லை. வெந்நீர் வைக்கத் தெரிந்தால் போதும். கொரியாவே 2019இல் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் எட்டிப் பார்த்ததும் தனிப்பண்ணைகளில் அவரவர் காய்ச்சுவதற்குக் கிடுக்கிப்பிடி போட்டது. கவனம் என்பது அப்படித்தான் இருக்கும்: அடுப்பை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கும்.

ஆனால் வெந்நீர்க் கொப்பரையைக் காட்டி எவரிடம் முதலீடு கேட்பது? கொப்பரைக்குக் காப்புரிமை கிடையாது. கொப்பரையோடு நடிகர்கள் படம் எடுத்துக்கொள்வதில்லை.

புழுவோடு எடுத்துக்கொண்டார்கள். பிரான்சில் 2011இல் இன்செக்ட் என்ற நிறுவனம் தொடங்கியது. ஆங்கிலத்தில் பூச்சிக்கு உள்ள அதே பெயர்தான். முதலெழுத்தை மட்டும் மாற்றி அதன் தலையில் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு புள்ளியின் விலை பின்னால் வருகிறது. இவர்கள் வளர்த்தது ஈயை அல்ல, மாவு வண்டுப் புழுவை. அமியான் நகரத்துக்குப் பக்கத்தில் வானளாவத் தட்டு அடுக்கி, இயந்திரக் கைகள் ஓட, உலகத்திலேயே பெரிய புழுப்பண்ணை என்றார்கள். இரும்பு மனிதராக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியர் முதலீடு செய்ததோடு நில்லாமல், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்து புழுவின் பெருமையும் பேசினார். திரட்டிய பணம், கடனும் சேர்த்து, 60 கோடி டாலருக்கு மேல். பிரெஞ்சு அரசின் முதலீட்டு வங்கியும் போட்டது. அந்தப் பண்ணைத் திட்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் தன் பங்குக்கு ஏறத்தாழ 2 கோடி யூரோ மானியம் தந்தது. ஓட்டல் மிச்சத்தைத் தொடாதே என்ற ஒன்றியம் மானியத்தைத் தொட்டுக்கொள்ளச் சொன்னது.

புழு என்ன தின்றது? கோதுமைத் தவிடு.

வடக்கு பிரான்சின் குளிரில், 25 பாகைக்குக் கீழே போனால் சுணங்கிவிடும் புழுவுக்குச் சூடேற்றி, வெளிச்சம் குறைத்து, தட்டுத் தட்டாகத் தவிடு ஊட்டி, பிறகு கொன்று, காய வைத்து, கொழுப்பைப் பிழிந்து, அரைத்து வெளியே எடுத்த மாவு டன்னுக்குப் பல ஆயிரம் யூரோ. அதோடு போட்டி போட வேண்டிய சோயாப் பிண்ணாக்கு டன்னுக்குச் சில நூறு. எந்தக் கோழிப்பண்ணைக்காரர் வாங்குவார்? கோழி வளர்க்கிறவர்கள் பைசாவில் கணக்குப் போடுகிறவர்கள். 2023 வாக்கில் நிறுவனமே தீவனக் கனவை ஓரம்கட்டிவிட்டு, லாபம் எங்கே இருக்கிறதோ அங்கே திரும்பியது. எங்கே தெரியுமா? வீட்டு நாய், பூனைக்கான உணவில். பசியை ஒழிக்கக் கிளம்பிய புழு கடைசியில் பாரிஸ் அடுக்குமாடியில் மெத்தைமேல் படுத்திருக்கும் நாய்க்குட்டியின் கிண்ணத்தில் போய் விழுந்தது. 2024 செப்டம்பரில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டார்கள். 2025 டிசம்பரில் நீதிமன்றம் கடையை மூடிச் சொத்தை விற்கச் சொன்னது. 60 கோடி டாலரைத் தின்ற புழு உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். அவ்வளவு தின்றும் ஓட்டல் மிச்சம் ஒரு கவளம் குறையவில்லை.

அந்த பிரான்சில் ஓட்டல் மிச்சத்துக்கும் கடை மிச்சத்துக்கும் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்காடிகள் இரவில் தேதி நெருங்கிய ரொட்டியையும் தயிரையும் பழத்தையும் குப்பைத் தொட்டியில் கொட்டும். பசித்தவர்கள் தொட்டிக்குள் கைவிட்டு எடுத்துத் தின்பார்கள். அதைத் தடுக்கச் சில கடைகள் அந்தச் சாப்பாட்டின் மேல் பிளீச்சிங் திரவத்தை ஊற்றின. கழிப்பறை கழுவும் திரவம். ரொட்டியின் மேல். மனிதன் தின்றுவிடக் கூடாதே என்று. 2016இல் சட்டம் போட்டுத்தான் பெரிய கடைகளை இந்த ஈனச் செயலிலிருந்து தடுக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் உண்ணத்தக்க சோற்றில் விஷம் ஊற்றும் கை. இன்னொரு பக்கம் புழுவுக்குத் தவிட்டைத் தட்டில் வைத்து ஊட்டும் கை. இந்த நாகரிகத்துக்குப் பெயர்தான் நிலைத்த வளர்ச்சியாம்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியது. கடைக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த வருஷம் பட்டினி கிடந்தவர்கள் 78 கோடிப் பேர் வரை. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மனிதனுக்கு முதலில் வரவேண்டியது கோபம். முதலீட்டாளருக்கு வந்ததோ யோசனை: 105 கோடி டன் கச்சாப்பொருள் சும்மா கிடக்கிறதே!

இதுதான் எனக்குப் பயம். குப்பை கச்சாப்பொருள் ஆகிவிட்டால், குப்பை குறைவது தொழிலுக்கு நஷ்டம். ஸ்வீடன் குப்பையை எரித்து வீடுகளுக்குச் சூடு தரும் உலைகளைக் கட்டியது. இப்போது உலையின் வயிறு நிறையாமல் பக்கத்து நாடுகளிலிருந்து குப்பை இறக்குமதி செய்கிறது. நாளைக்கு ஒரு மாநகராட்சி, தினமும் இத்தனை டன் சோறு தருகிறோம் என்று ஒரு புழு ஆலையோடு இருபது வருஷ ஒப்பந்தம் போடட்டும். அப்புறம் கல்யாண மண்டபத்தில் அளவாகச் சமைத்தால் அபராதம் வரலாம். 'அன்பான பொதுமக்களே, இந்த மாதம் இலக்கில் முப்பது டன் குறைகிறது. தயவுசெய்து சாம்பாரை மிச்சம் வையுங்கள்.'

நம் ஊருக்கு வருவோம், புழுவும் வந்துகொண்டிருக்கிறது. சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இறால் தீவனத்தில் இந்த ஈயின் புழுமாவைச் சேர்த்துப் பார்க்கிறது. ஆராய்ச்சி செய்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் தீவனத்துக்குப் படும் பாடு எனக்குத் தெரியும். 2021இல் சோயாப் பிண்ணாக்கு விலை தாறுமாறாக ஏறி, மரபணு மாற்றிய சோயாப் பிண்ணாக்கை 12 லட்சம் டன் வெளிநாட்டிலிருந்து இறக்க மத்திய அரசே கதவைத் திறந்துவிட்டது. மாற்றுப் புரதம் வேண்டும்தான். கொச்சியில் 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமலை தீப்பிடித்து ஊரே நாட்கணக்கில் புகையை மூச்சாக இழுத்த பிறகு, மாநகராட்சி இந்த ஈயைத்தான் கூப்பிட்டது. நல்ல வேளையாக இங்கே ஈக்கு எச்சில் தீட்டு இல்லை. நிஜமான சமையலறைக் கழிவையே தின்னக் கொடுக்கிறார்கள். ஆனால் ஈ பாலிதீன் தின்னாது, டயப்பர் தின்னாது. பிரித்துத் தராத குப்பையை உட்கார்ந்து பிரிக்கவும் அதற்குக் கை கிடையாது. பிரிக்கும் வேலையை இங்கே யார் கை செய்கிறது, எந்தத் தெருவிலிருந்து வந்த கை, அதற்குக் கையுறை உண்டா என்று எந்தப் பளபளப்பான கையேட்டிலும் எழுதியிருக்காது.

எச்சிலைத் தீவனமாக்கும் வித்தையும் நமக்குக் கடல் தாண்டி வர வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு கழனித்தண்ணீர்ப் பானை இருந்தது. வடித்த கஞ்சி, அரிசி கழுவிய தண்ணீர், காய்த்தோல், புளித்த சோறு எல்லாம் அதில் விழும்; காலையில் பால்கார அம்மா வந்து எடுத்துப் போவாள். அடுக்குமாடி வந்தது, பானை போனது. மாடு இப்போது குப்பைமேட்டில் பாலிதீன் பையோடு சேர்த்துச் சோற்றை விழுங்குகிறது. ஓட்டல் மிச்சத்துக்கு இன்றைக்கும் பன்றி வளர்க்கிறவர்கள்தான் விடிகாலையில் பீப்பாயோடு வருகிறார்கள். எந்தச் சாதிக்காரர்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் அவர்கள் செய்யும் வேலைக்குச் சுழற்சிப் பொருளாதாரம் என்ற பெயர் இன்றுவரை ஒட்டவில்லை. சாக்கடையிலும் மலத்திலும் மேயும் பன்றியால் நாடாப்புழுவும் மூளைக்காய்ச்சலும் வரும் என்பது உண்மை. அதற்கு மருந்து, ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை, ஒரு கொப்பரை, விறகோ எரிவாயுவோ, மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்க ஒரு கால்நடை மருத்துவர். மொத்தச் செலவு, ஒரு புழு மாநாட்டின் மதியச் சாப்பாட்டுக்கு ஆகாது. நம் நகராட்சிகள் அனுப்புவதோ பன்றி பிடிக்கும் வண்டி.

ஆகையால் பீப்பாய்க்கார அண்ணனுக்கு என் யோசனை இது. பீப்பாயைப் பீப்பாய் என்று சொல்லாதே அண்ணே. உயிரிப் புரத மீட்பு மையம் என்று பலகை மாட்டு. உன் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, முதலெழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வை. கொட்டகைக்குப் பச்சைப் பெயின்ட் அடி. நடிகர் யாராவது கிடைத்தால் பன்றிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடு. அவர் மூக்கைப் பொத்தினால் அந்தப் படத்தை மட்டும் அழித்துவிடு. ஓட்டலில் எடுக்கிற மிச்சத்தை நிறுத்திவிட்டு, கடையில் காசு கொடுத்துத் தவிடு வாங்கிப் போடு, அதுதான் தரம். ஐந்து வருஷம் நஷ்டத்தில் ஓட்டு, வங்கி தேடி வரும். பத்தாவது வருஷம் திவாலாகு. துணிச்சலான முயற்சி என்று பத்திரிகையில் தலையங்கம் வரும். இதையெல்லாம் விட்டுவிட்டு, முப்பது வருஷமாக யாரிடமும் பத்துப் பைசா வாங்காமல் ஊர் மிச்சத்தைச் சுமந்துகொண்டே இருந்தால் உனக்குப் பெயர் சுகாதாரக் கேடுதான். சீக்கிரம் முடிவு சொல்லு அண்ணே. நகராட்சி வண்டி முனை திரும்பிவிட்டது, பன்றியை உள்ளே ஓட்டு.